வெள்ளிக் கிண்ணமும் இரும்பு விலங்கும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'கலையும் கல்வியும்' என்னும் தலைப்பில் பேசுமாறு செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தார்கள். நாம் ஓவியரல்லோம், கலைத் திறனாய்வாளரும் அல்லோம். வரலாற்றைப் பாடமாகக் கொண்டு பி.ஏ. பயின்று, பி.எட். முடித்து, ஏறத்தாழ முப்பதாண்டுகள் அரசுப் பள்ளிகளில் சுண்ணக்கட்டியோடு காலம் கழித்தவரே நாம். ஆதலின் கலையைப் பற்றிப் பொதுவாகப் பேசும் துணிவு நமக்கில்லை. ஒரே ஒரு கண்காட்சியைப் பற்றி மட்டும் பேச எண்ணுகின்றோம். அது நம் நாட்டில் நடந்ததன்று. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பால்டிமோர் நகரில், 1992 ஏப்ரல் முதல் 1993 பிப்ரவரி வரை நடைபெற்றது. அதனை நாம் நேரிற் கண்டதில்லை. நிழற்படங்களின் வாயிலாகவும் நூல்களின் வாயிலாகவுமே அறிந்தோம். முப்பதாண்டுகளுக்கு முன் வேற்று நாட்டில் நடந்த ஒன்றை இவ்விழா மேடையில் ஏன் எடுத்துரைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் ஒரு தேங்காய்ச் சிரட்டை.

வெள்ளி விழாவையொட்டி ஒரு கண்காட்சி அமைப்பதென்று கழகம் முடிவு செய்தபோது, அதற்கான குழுவில் நம்மையும் சேர்த்தார்கள். பட்டம் பெற்ற மாணவர்களின் படங்கள், விளையாட்டுக் கோப்பைகள், அமைச்சர் வருகை தந்தபோது எடுத்த படம், இரவுப் பாடசாலையில் முதன்முதல் எரிந்த அரிக்கேன் விளக்கு ஆகியவற்றை வைப்பதென முதற் கூட்டத்திலேயே ஒருமனதாக முடிவாயிற்று. அப்பொழுது உறுப்பினர் ஒருவர் துணிப்பை ஒன்றை அவிழ்த்தார். அவருடைய தாயார் தம் வீட்டுப் பரணிலிருந்து எடுத்தனுப்பிய சிரட்டை அதில் இருந்தது. ஊர்த் தேநீர்க்கடையின் கூரையிலே செருகப்பட்டிருந்த சிரட்டை அது. நம் மக்கள் அதைத் தாமே எடுத்து, மேலிருந்து ஊற்றப்படும் தேநீரை ஏந்திக் குடித்து, தாமே கழுவி, மீண்டும் கூரையிலே செருகிவிட்டு வரவேண்டும். உட்புறம் கறுத்து, வழவழப்பாய் இருந்தது.

கூட்டத்தில் ஓர் அமைதி உண்டாயிற்று. பின்னர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, "நாங்கள் பட்டது போதும், ஐயா. பேரப்பிள்ளைகள் இதைப் பார்த்துத் தலைகுனிய வேண்டுமா?" என்றார். இளைஞர்கள் வைக்கத்தான் வேண்டும் என்று வாதிட்டார்கள். நாம் பெரியவர்கள் பக்கமே பேசினோம் என்பதை இங்கு ஒளிக்க விரும்பவில்லை. நாமும் பத்து வயதில் அத்தகைய சிரட்டையிலே குடித்தவர்தாம். நம் தந்தையார் தம் சிரட்டையை நம்மிடம் கொடுத்துவிட்டு, நாம் குடித்து முடிக்கும் வரை சாலையைப் பார்த்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது நினைவிருக்கின்றது. திருப்பிக்கொண்ட அந்த முகத்தை மேசைமேல் வைக்க நமக்கு மனம் வரவில்லை. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

இடைப்பட்ட நாள்களில், நுண்கலை பயிலும் நம் பழைய மாணவர் ஒருவர், பால்டிமோர்க் கண்காட்சியைப் பற்றிய நூலொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு நமக்குப் புறம்பானதன்று. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டு, 1946 இல் அவ்வின அறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அறிஞரும் மறுமொழி வரைந்தார். எனவே அக்கரையிலுள்ளார் தம் துன்பத்தை எவ்வாறு எடுத்துக் காட்டினர் என்று நாம் பார்ப்பது பழைய உறவின் தொடர்ச்சியே ஆகும்.

கண்காட்சியை அமைத்தவர் பிரெட் வில்சன் என்னும் கலைஞர். 1954 இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிற் பிறந்தவர். ஆப்பிரிக்க மரபும் அமெரிக்கப் பழங்குடி மரபும் கலந்த குடும்பத்தினர். கல்லூரிக் காலத்தில் அருங்காட்சியகக் காவலராக நின்றிருக்கின்றார். பின்னர்ப் பெரிய அருங்காட்சியகங்களின் கல்விப் பிரிவுகளில் பணியாற்றினார். 1991 இல் அவர் அமைத்த ஒன்றைச் சொன்னால் அவர் எத்தகையவர் என்பது விளங்கும். நியூயார்க்கின் நான்கு அருங்காட்சியகங்களில் காவலர் அணியும் சீருடைகளைத் தலையில்லாத நான்கு பொம்மைகளுக்கு அணிவித்து நிறுத்தினார். பொம்மைகளின் கைகள் கறுப்பும் பழுப்புமாயிருந்தன. ஓவியம் காண வருவோர் ஓவியத்தைப் பார்ப்பர். அருகே நாள் முழுதும் கால்கடுக்க நிற்பவனைப் பார்ப்பதில்லை. அவனுக்கு முகம் இருந்ததா என்று பின்னர்க் கேட்டால் அவர்களால் சொல்ல இயலாது. நம் அலுவலகங்களில் பெருக்குகின்ற அம்மையாரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம் என்று இடையே ஒரு கேள்வி எழுகின்றது. அதனை இங்கு விரிப்பதற்கில்லை.

இத்தகைய கலையை ஆங்கிலத்தில் 'இன்ஸ்டலேஷன்' என்பர். தமிழில் நிறுவற்கலை என்று எழுதுகின்றனர். சட்டமிட்ட படமோ பீடத்தின் மேல் சிலையோ போலன்றி, ஓர் அறை முழுவதையும் பொருள்களைக் கொண்டு அமைத்து, காண்போர் அதனுள்ளே நடந்து செல்லுமாறு செய்வது இது. உண்மையைக் கூறினால், இப்பெயரால் வழங்குவனவற்றுள் நமக்கு விளங்காதனவே மிகுதி. ஆனால் வில்சனின் கண்காட்சி பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கக் கூடியது.

மேரிலாந்து வரலாற்றுக் கழகம் 1844 இல் தோன்றியது. அம்மாநிலத்தின் பழைய செல்வக் குடும்பங்களின் வெள்ளிப் பாத்திரங்கள், நாற்காலிகள், ஓவியங்கள், கடிதங்கள் ஆகியவற்றைத் திரட்டிக் காத்துவந்த நிறுவனம் அது. பால்டிமோரில் இயங்கிய 'தி கண்டம்பரரி' என்னும் கலை நிறுவனம் வில்சனை அங்கே அழைத்துவந்தது. அவர் வண்ணமும் தூரிகையும் கொண்டுவரவில்லை. அக்கழகத்தின் சரக்கறைகளைத் திறந்து காட்டும்படி மட்டும் கேட்டார். காட்சிக்கு வைக்கப்பட்டவை எவை, பூட்டி வைக்கப்பட்டவை எவை என்று பல நாள் தேடினார். பின்னர் அக்கழகத்தின் பொருள்களையே எடுத்து மாற்றி அடுக்கினார். கண்காட்சிக்கு 'மைனிங் தி மியூசியம்' என்று பெயர். அந்த ஆங்கிலச் சொல்லுக்குச் சுரங்கம் தோண்டுதல் என்பது ஒரு பொருள். கண்ணிவெடி வைத்தல் என்பது இன்னொன்று. 'என்னுடையது' என்று உரிமை கொள்வதும் அதிலே தொனிக்கின்றது.

உள்ளே நுழைந்ததும் வெள்ளியும் பொன்னும் இழைத்த ஓர் உருண்டைக் கோப்பை. அதன்மேல் 'உண்மை' என்னும் சொல் பொறிக்கப்பட்டிருந்தது. நேர்மையான விளம்பரத்திற்காக முற்காலத்தில் வழங்கப்பட்ட பரிசுக் கோப்பை அது. அதன் ஒரு பக்கத்தில் மூன்று வெண்ணிறப் பீடங்கள். அவற்றின்மேல் நெப்போலியன், ஹென்றி கிளே, ஆண்ட்ரூ ஜாக்சன் ஆகியோரின் மார்பளவுச் சிலைகள். மறுபக்கத்தில் மூன்று கரும்பீடங்கள், அவற்றின்மேல் ஒன்றுமில்லை. பெயர்கள் மட்டும் இருந்தன: ஹேரியட் டப்மன், பெஞ்சமின் பேனகர், பிரெடரிக் டக்ளஸ்.

வெண்பீடத்து மூவரில் ஒருவரேனும் மேரிலாந்தில் பிறந்தவரல்லர். கரும்பீடத்து மூவரும் அம்மண்ணின் மக்கள். டப்மன் அம்மையார் 1849 இல் அடிமைத்தளையிலிருந்து தப்பி, மீண்டும் மீண்டும் திரும்பி வந்து, ஏறத்தாழ எழுபது பேரை மீட்டுச் சென்றவர். பேனகர் 1731 இல் பிறந்த கறுப்பினத்தவர். தாமே வானியல் கற்றுப் பஞ்சாங்கம் கணித்து வெளியிட்டவர். தம் இனத்தாரின் உரிமையை எடுத்துக்காட்டி 1791 இல் ஜெபர்சனுக்குக் கடிதம் எழுதியவர். டக்ளஸ் அதே பால்டிமோர் நகரில் அடிமைச் சிறுவனாக வளர்ந்தவர். எசமானி நெடுங்கணக்கைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். எழுத்தறிந்த அடிமை அடிமையாக இரான் என்று எசமானன் அதைத் தடுத்தான். சிறுவனோ தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டு கொடுத்து, அவர்களிடமே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டான். 1838 இல் அந்நகரிலிருந்தே தப்பிச் சென்றான். இம்மூவருள் ஒருவருக்கேனும் மார்பளவுச் சிலை அக்கழகத்தின் சேகரிப்பில் இல்லை. இல்லாததை வில்சன் செய்வித்து வைக்கவில்லை. பீடங்களை வெறுமையாகவே விட்டார்.

அடுத்து, அக்கண்காட்சியைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் நினைவுகூரும் பேழைக்கு வருகின்றோம். கண்ணாடிப் பேழையினுள்ளே பூவேலை செய்த வெள்ளிக் கூசாக்கள், கிண்ணங்கள். அவற்றின் நடுவே, அதே விரிப்பின்மேல், அடிமைகளைப் பூட்டிய இரும்பு விலங்குகள். குறிப்பட்டையில் 'உலோக வேலை, 1793–1880' என்பதைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. அடிமை முறை கொடியது என்று எழுதவில்லை. 'ஐயகோ' என்று அரற்றவில்லை. வெள்ளியும் உலோகம், இரும்பும் உலோகம். இரண்டும் ஒரே மாநிலத்தில் ஒரே காலத்தில் செய்யப்பட்டவை. அந்த விலங்கை வேறோர் அறையில் 'அடிமைகளின் துயரம்' என்னும் தலைப்பின்கீழ் வைத்திருந்தால், காண வந்தவர் இரக்கப்பட்டுவிட்டு அடுத்த அறைக்குச் சென்று வெள்ளிப் பாத்திரங்களின் அழகை வியந்திருப்பார். இங்கே அவ்வாறு செல்ல வழியில்லை. கிண்ணத்தைப் பார்க்கும் கண் விலங்கையும் பார்த்தே தீரவேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கின்றோம். 'மரச்சாமான் வேலை, 1820–1960' என்னும் பகுதியில் பால்டிமோர்ச் சிறையின் சவுக்கடிக் கம்பத்தை நிறுத்தி, நாடகம் பார்க்க இட்டாற்போல அழகிய நாற்காலிகளை அதன் எதிரே இட்டார். பழைய குழந்தை வண்டியொன்றில் மெத்தை விரிப்புக்குப் பதிலாகக் கு கிளக்ஸ் கிளான் என்னும் கொலைக் கூட்டத்தாரின் முகமூடியைக் கிடத்தினார். கறுப்பினத் தாதியர் வெள்ளைக் குழந்தைகளை வண்டியில் வைத்துத் தள்ளும் நிழற்படம் அருகில் இருந்தது. சுருட்டுக் கடை வாயில்களில் நிற்கும் செவ்விந்திய மரப்பொம்மைகளைப் பார்வையாளருக்கு முதுகு காட்டி நிறுத்தி, உண்மையான பழங்குடி மக்களின் நிழற்படங்களை நோக்குமாறு செய்தார்.

ஓவியங்களைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பழைய ஓவியங்களில், ஓரத்தில், நிழலில், ஒரு கறுப்புச் சிறுவனோ சிறுமியோ நிற்பதுண்டு. 1710 அளவில் வரையப்பட்ட ஓவியம் ஒன்றில், எசமானச் சிறுவனின் பின்னே செத்த பறவையை ஏந்தி நிற்கும் கறுப்புச் சிறுவனின் கழுத்தில், நாய்க்குப் போடுவதைப்போல் ஒரு வளையம் இருக்கும். அதுவும் வெள்ளி வளையம். இத்தகைய ஓவியங்களின்முன் ஆள் வந்து நின்றதும், நிழலில் இருந்த குழந்தையின்மேல் விளக்கு ஒளி விழுமாறும், ஒரு குழந்தைக் குரல் எழுமாறும் வில்சன் செய்தார். எனக்குத் தலை வாரிவிடுவது யார், அச்சம் வந்தால் என்னைத் தேற்றுவது யார் என்று ஒரு குரல் கேட்டது. நான் உனக்கு உடன்பிறந்தவனா, நண்பனா, வளர்ப்புப் பிராணியா என்று இன்னொரு குரல் கேட்டது. நூற்றாண்டுகளாக அந்த ஓவியங்களைப் பார்த்தவர்கள் கேளாத கேள்விகள் இவை. வில்சன் ஓவியத்தின்மேல் ஒரு கோடும் இழுக்கவில்லை. விளக்கைத் திருப்பினார், அவ்வளவே.

இறுதிப் பகுதியில் பேனகரின் வானியல் குறிப்பேடு வைக்கப்பட்டது. அது அக்கழகத்தின் சேகரிப்பிலேயே இருந்தது.

எல்லாரும் இதனைப் பாராட்டினர் என்பதற்கில்லை. பார்வையாளருள் கடிந்து எழுதியவர்களும் உண்டு. எனினும் கூட்டம் குறையவில்லை. முதலிற் குறித்த நாளைக் கடந்தும் கண்காட்சி நீட்டிக்கப்பட்டது. வில்சன் 2003 இல் வெனிஸ் நகரின் உலகக் கலைவிழாவில் தம் நாட்டின் சார்பில் கலந்துகொள்ளுமளவு உயர்ந்தார்.

நம் பள்ளியின் ஓவிய ஆசிரியரிடம் இவற்றைச் சொன்னபோது, "ஐயா, அவர் வரைந்தது என்ன, செதுக்கியது என்ன? பொருளை இடம் மாற்றி வைத்தது ஒரு கலையா?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி. நாம் அவர்க்கு வகுப்பறையைக் காட்டினோம். நாம் சிறுவராய்ப் படித்த பள்ளியொன்றில் ஆசிரியர் யாரையும் அடித்ததில்லை, ஏசியதில்லை. எங்களைக் கடைசி வரிசையில் வைத்தார், அவ்வளவே. யாரை எங்கே வைப்பது என்பதைக் கொண்டே ஐந்து வயதுக் குழந்தைக்கு ஊர் முழுவதையும் கற்பித்துவிட முடிந்தது. அவ்வாறாயின், இடம் மாற்றி வைத்து அதனை மறக்கச் செய்யவும் முடியும் என்பதை ஓவிய ஆசிரியர் ஒப்புக்கொண்டார். ஆனால் அதைக் கலை என்று அழைக்க அவர் இன்னும் இசையவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை.

இனிச் சிரட்டைக்கு வருகின்றோம். நூலைப் படித்தபின், அதனைப் பள்ளிக்கு எடுத்துச் சென்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டினோம். இதிலேதான் உங்கள் தாத்தா தேநீர் குடித்தார் என்றோம். நம் குடியிருப்பைச் சேர்ந்த மாணவி ஒருத்தி எழுந்து, "அந்தக் காலத்தில் டம்ளர் விலை அதிகமா, ஐயா?" என்று கேட்டாள்.

பெரியோர்களே, அக்கேள்வி நம்மை இரண்டு நாள் உறங்கவிடவில்லை. பெரியவர்கள் அஞ்சியதுபோல் அக்குழந்தை தலைகுனியவில்லை. இளைஞர்கள் எதிர்பார்த்ததுபோல் சினம் கொள்ளவுமில்லை. அவள் கண்டது வறுமையை மட்டுமே. தனியே வைத்த சிரட்டை வேறெதையும் அவளுக்குச் சொல்லவில்லை. அதே கடையில், அதே தேநீரை, மற்றவர்கள் எதிலே குடித்தார்கள் என்பதைப் பக்கத்தில் வைத்தாலன்றி அவளுக்கு அது விளங்காது. நம் குழுவில் வைப்பதா, வேண்டாவா என்று வழக்காடினோமே தவிர, எதன் பக்கத்தில் வைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அத்தேநீர்க்கடை இன்று இல்லை. கடைக்காரரின் பேரன் நம்மிடம் படித்தவர். தயங்கித் தயங்கி அவரிடம் சென்று, பழைய கண்ணாடிக் குவளை ஏதேனும் வீட்டில் உண்டா என்று கேட்டோம். எதற்கு என்று கேட்டார். மறைக்காமல் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. நம்மை அமரச் சொல்லவும் மறந்துவிட்டார். நாம் திரும்பிவிட்டோம். நான்காம் நாள் மாலை, செய்தித்தாளில் சுற்றிய இரண்டு குவளைகளோடு நம் வீட்டு வாயிலில் வந்து நின்றார். வரிவரியாய்ப் பட்டைகள் வைத்த தடித்த கண்ணாடி. ஒன்றில் விளிம்பு உடைந்திருந்தது. "எங்கள் தாத்தா பெயரைப் போட வேண்டாம், ஐயா" என்றார். போடமாட்டோம் என்று வாக்களித்தோம். யாருடைய தாத்தாவையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. அவ்வாக்கை இங்கும் காப்பாற்றியிருக்கின்றோம்.

குறிப்பட்டையில் என்ன எழுதுவது என்பதில் குழுவுக்குள் மீண்டும் கருத்து வேறுபாடு. ஒருவர் பத்து வரி எழுதிக் கொண்டுவந்தார், நல்ல வரிகள்தாம். இறுதியில், 'தேநீர்க் குவளைகள், 1965–1988' என்று மட்டும் எழுதுவதென முடிவாயிற்று. ஆண்டுகளைப் போடுமாறு வலியுறுத்தியவர் நாமே. தீண்டாமையை ஒழிக்கும் 17 ஆம் பிரிவு அரசியல் சட்டத்தோடு 1950 இல் நடைமுறைக்கு வந்ததென்றும், தீண்டாமைக் குற்றங்களுக்கான சட்டம் 1955 இல் இயற்றப்பட்டதென்றும் வரலாற்றுப் பாடத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்கின்றனர். குறிப்பட்டையிலுள்ள ஆண்டுகளைப் பார்த்து, கழித்தல் கணக்கை அவர்களே போட்டுக்கொள்ளட்டும்.

வெறும் பீடங்களையும் நாம் ஓரளவு பின்பற்றியிருக்கின்றோம். பட்டதாரிகளின் படவரிசை முடிவடையும் இடத்தில், கண்ணாடியும் சட்டமும் மட்டும் உள்ள சில படச்சட்டங்களைக் காண்பீர்கள். படம் ஒட்ட மறந்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டா. நம் இரவுப் பாடசாலையின் முதலாண்டுப் பதிவேட்டில் பெயர் இருந்து, இரண்டாமாண்டில் செங்கற் சூளைக்கோ ஆடு மேய்க்கவோ சென்றுவிட்ட பிள்ளைகளுக்கு உரியவை அவை. அவர்களுக்கு ஒரு படமும் எடுக்கப்படவில்லை. அவர்களுட் சிலர் இவ்வவையிலேயே இருக்கக்கூடும். இருந்தால், நிழற்படக்காரர் மாலை வரை மண்டபத்தில் இருப்பார் என்பதைத் தெரிவித்துக்கொள்கின்றோம்.

சிரட்டையைக் கொடுத்தனுப்பிய அம்மையார் நேற்று மாலை பார்வையிட வந்தார். கண்ணாடிப் பேழையில் குவளைகளின் நடுவே தம் சிரட்டை இருப்பதைக் கண்டு வெகுநேரம் நின்றார். பிறகு நம்மை அழைத்து, "ஏன் தம்பி, இதைத் துடைக்காமலா வச்சிருக்கீங்க? நாங்க ஒரு நாளும் கழுவாம வச்சதில்ல" என்றார். பேழையைத் திறந்து எடுத்துக் கொடுத்தோம். தம் முந்தானையால் துடைத்துத் தாமே வைத்தார். அவ்வாறு வைக்கும்போது சிரட்டை ஓரத்திற்கு நகர்ந்து, விளிம்பு உடைந்த குவளை நடுவுக்கு வந்துவிட்டது. அதனை நாம் திருத்தவில்லை.

கண்காட்சி இன்று பிற்பகல் 3 மணிக்குத் திறக்கப்படும். அப்பேழை நுழைவாயிலுக்கு இடப்புறம், மூன்றாம் மேசையில் இருக்கின்றது.